தௌஹீதாவின் பாதி மருந்து

நெசவாலை நகரமான மஹல்லாவில் எங்கள் தெருவுக்குள் நுழைந்து நெசவாலைச் சுவரை ஒட்டியே நடந்து வந்தால், நீலக் கதவு வைத்த ஒடுங்கிய வீடு ஒன்று வரும். கீழே ஒரு பூட்டிய கடை. நடுத்தளத்தில் கரீமான். மேல்தளத்தில் தௌஹீதா. இரண்டு பேரும் ஒரே மனிதருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். அந்த மனிதர், ஆலையில் மேஸ்திரியாக இருந்த பஸ்யூனி, மண்ணுக்குள் போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. சக்களத்திப் பகை மட்டும் அவரோடு போகவில்லை.

நான் எதிர்வீட்டுக்காரி. துணி காயப்போடப் பால்கனிக்கு வந்தாலே அந்த வீட்டுக் கதை முழுக்க என் காதில் விழுந்துவிடும். ஆனால் கூச்சல் போடுகிற சண்டை அங்கே கிடையாது. ஒருத்தியோடு ஒருத்தி பேசுவதே இல்லை, அவ்வளவுதான். தௌஹீதா காய்கறி வண்டிக்குக் கயிற்றில் கூடை இறக்குவாள். கூடை நிரம்பி மேலே ஏறும்போது கரீமானின் பால்கனியைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தாண்டும்போது ஒரு கை நீளும். ஒரு எலுமிச்சம்பழம் காணாமல் போகும்.

"பழம் ஒண்ணு குறையுதே. நடுவுல எலி ஏறி நிக்குது போல," என்பாள் தௌஹீதா வானத்தைப் பார்த்து.

"எலிக்கும் வாய் கசக்குமில்ல," என்பாள் கரீமான் தெருவைப் பார்த்து.

இதைத்தான் அவர்கள் பேச்சு என்று சொல்ல வேண்டும்.

தௌஹீதாவுக்குப் பிள்ளை இல்லை. அதனால்தான் பஸ்யூனி கரீமானைக் கட்டினார். கரீமானுக்கு ஹிந்த் பிறந்தாள். அல்லாஹ்வின் விளையாட்டைப் பாருங்கள், அந்தக் குழந்தை தவழ ஆரம்பித்ததும் முதலில் ஏறியது மாடிப்படி. பெற்றவள் நடுத்தளத்தில் தேடிக்கொண்டிருப்பாள். பிள்ளை மேலே பெரியம்மாவின் மடியில் உட்கார்ந்து ரொட்டி மென்றுகொண்டிருக்கும். இப்போது ஹிந்துக்கு இருபது வயது தாண்டிவிட்டது. ஆலையில் தையல் பிரிவில் வேலை. பகலில் அம்மா வீட்டுச் சாப்பாடு, மாலையில் பெரியம்மா வீட்டுத் தேநீர் என்று இரண்டு தளத்துக்கும் நடுவில் ஓடிக்கொண்டே வளர்ந்துவிட்டாள்.

பஸ்யூனியைக் கொண்டுபோனது காசநோய். மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார், "நல்லாத்தானே இருக்கேன்" என்று சொல்லி. போகும் முன்பு தௌஹீதாவுக்கும் அந்த நோயைக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசி மாதங்களில் அவரைத் தூக்கி உட்கார வைத்து, எச்சில் கிண்ணம் பிடித்தவள் அவள்தான். ஆனால் அவள் ஒரு மாத்திரைகூட விடாமல் சாப்பிட்டாள். பிழைத்துக்கொண்டாள்.

பிறகு ரொம்ப காலம் கழித்து, போன குளிர்காலத்துக்கு முந்திய குளிர்காலத்தில், தௌஹீதா மறுபடியும் இரும ஆரம்பித்தாள். உடம்பு கரைந்தது. ஒருநாள் காலை பாத்திரம் கழுவும் தொட்டியில் இருமிய இடத்தில் சிவப்பாக விழுந்தது.

"பழைய நோய் திரும்பிடுச்சு," என்றார் அவள் முதலில் போன டாக்டர். நம் ஊரில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு முறை காசநோய் வந்தவள் இருமினால் அது காசநோய்தான், வேறென்ன? பழைய மாத்திரைகளையே மறுபடியும் கொடுத்தார். அவள் மறுபடியும் ஒன்று விடாமல் சாப்பிட்டாள். இந்தத் தடவை இருமல் போகவில்லை. சளியில் கிருமியும் இல்லை. உடம்பு மட்டும் துணியாய்த் தேய்ந்தது.

கடைசியில் ஹிந்த்தான் அவளை இழுத்துக்கொண்டு மார்புநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே டாக்டர் ரீஹாம் என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். முக்காட்டு ஊசி எப்போதும் கோணலாகக் குத்தியிருக்கும். பேச்சு மட்டும் நேராக இருக்கும். அவர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"ஹாஜ்ஜா, இங்க பாருங்க. உங்க பழைய நோய் நுரையீரல்ல ஒரு பொந்து விட்டுட்டுப் போயிருக்கு. இந்தப் பொந்துக்குள்ள உருண்டையா ஒண்ணு தெரியுதா?"

"நான் இன்னும் ஹஜ்ஜுக்கே போகலையேம்மா," என்றாள் தௌஹீதா. "சரி, உருண்டை தெரியுது. கட்டியா?"

"கட்டி இல்ல. பூஞ்சை. ரொட்டியைப் பையில கட்டி மறந்து வச்சா பச்சையா பூக்குமே, அந்த ஜாதி. காத்துல எல்லாருக்கும் உள்ள போகும், எல்லாரும் தும்மிட்டு மறந்துடுவோம். உங்களுக்குள்ள காலியா ஒரு வீடு இருந்துச்சு. வந்து குடியேறிடுச்சு."

"வாடகை கூடத் தராம," என்றாள் தௌஹீதா.

டாக்டர் சிரித்துவிட்டார். அன்றிலிருந்தே அந்த இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது.

அந்த ஆஸ்பத்திரியில் அப்போது ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. இந்தப் பூஞ்சையைக் காசநோய் என்று நினைத்து ஏமாறுவது எத்தனை பேருக்கு நடக்கிறது, எந்தப் பரிசோதனையில் இது சீக்கிரம் பிடிபடுகிறது, பிடிபட்டவர்களுக்கு அரை வருடம் மருந்து போதுமா, ஒரு வருடம் வேண்டுமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. யாருக்கு அரை வருடம், யாருக்கு ஒரு வருடம் என்பதைக் குலுக்கல் போல முடிவு செய்தார்கள். தௌஹீதாவுக்கு ஒரு வருடம் விழுந்தது. மருந்து அவர்களே தருவார்கள். வெளியில் வாங்க வேண்டுமென்றால் எங்கள் தெருவில் யாருக்கும் கட்டுப்படியாகாத மருந்து அது. சேர்ப்பதற்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள், சளி எடுத்தார்கள், நெஞ்சில் பசை தடவி இதயத்தைப் படம் பிடித்தார்கள்.

"இருமல் நுரையீரல்லதானே? இதயத்தை எதுக்கு எட்டிப் பாக்கறீங்க?" என்று கேட்டாளாம்.

"இந்த மருந்து எல்லா இதயத்துக்கும் ஒத்துக்காது ஹாஜ்ஜா. உங்களுது நல்லா இருக்கு."

"இருக்கும். யாரும் அதிகம் பயன்படுத்தலையே."

வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு, தினம் இரண்டு வேளை. நெஞ்செரிச்சலுக்கு நுரைப்பொடி குடிக்கவே கூடாது, குடித்தால் மருந்து உடம்பில் ஏறாது. மாதம் ஒரு தடவை வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். மருந்து போதிய அளவு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவ்வளவுதான் நிபந்தனை. தௌஹீதாவுக்கு நிபந்தனை ஒரு பொருட்டே இல்லை. குளிர்காலம் முடிவதற்குள் கன்னத்தில் சதை வைத்தது. ரத்தம் நின்றது. கூடையை அவளே இழுத்து மேலே ஏற்றினாள். ஒரு பழம் குறைந்தது. "எலி இன்னும் சாகலையா?" என்றாள் முழுக்குரலில். எனக்குக் கண் கலங்கிவிட்டது, அந்தக் குரலைக் கேட்டு.

இங்கேதான் விதி படியேறி வந்தது.

நோன்பு மாதம் பிறக்கப் போகிற சமயம். தெருவில் விளக்குத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஹிந்த் வேலை முடிந்து மேலே வந்தாள். தேநீர்க் கோப்பையைக் கையில் எடுத்தவள் குடிக்காமலே வைத்துவிட்டாள்.

"பெரியம்மா, உம்மா இருமுது."

"ஊரே இருமுது. பஞ்சு தூசி."

"ரத்தம் வருது பெரியம்மா. நுரைநுரையா, சிவப்பா. கைக்குட்டையை மறைச்சு வச்சிருந்தாங்க, நான் பாத்துட்டேன். படி ஏறினா மூச்சு வாங்குது. ஆஸ்பத்திரிக்கு வான்னா வரமாட்டேங்கறாங்க."

ஏன் வரமாட்டாள் என்று ஹிந்த் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்குப் பெண் கேட்டு வந்திருந்தார்கள். பெருநாள் கழித்து மோதிரம் மாற்றுவதாகப் பேச்சு. மார்புநோய் ஆஸ்பத்திரி வாசலில் பெண்ணின் தாயைப் பார்த்தார்கள் என்று ஒரு வாய் சொன்னால் போதும், மாப்பிள்ளை வீட்டார் ரெண்டாம் தடவை படியேற மாட்டார்கள். இறந்துபோன தகப்பனுக்கு அந்த நோய் என்பதே அவர்களுக்குத் தெரியாது. "என் பொண்ணு போற வரைக்கும் இருமிக்கிட்டே இருப்பேன், அப்புறம் செத்தாலும் சரி," என்று கரீமான் சொல்லிவிட்டாளாம்.

தௌஹீதா தன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"எனக்குக் குடுத்த அதே பொந்தை அந்த மனுஷன் இவளுக்கும் குடுத்துட்டுத்தான் போயிருக்கார்," என்றாள். "எதையும் சமமாப் பங்கு வைக்கத் தெரியாதவர், இதை மட்டும் சரியாப் பிரிச்சிருக்கார்."

எழுந்து போய் அலமாரியைத் திறந்தாள். மருந்து அட்டையிலிருந்து ஒரு வேளைக்கு உண்டானதைப் பிரித்து ஒரு தாளில் மடித்தாள்.

"மருந்துக்கடையில கேட்டு வாங்கினேன்னு சொல்லு. சாப்பிட்ட பிறகு குடு. தினம் வந்து வாங்கிட்டுப் போ. நான் குடுத்தேன்னு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா மருந்தையும் துப்புவா, என்னையும் துப்புவா."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு ஒரு வேளை போதும். நான்தான் பாதி தேறிட்டேனே."

ஹிந்த் அழுதுகொண்டே அந்தத் தாளை வாங்கினாள். பாவம், அவளுக்கு இரண்டு தாய். இரண்டு பேரையும் காப்பாற்ற அவளுக்கு வேறு வழி தெரியவில்லை.

நோன்பு தொடங்கியது. நீங்க நோன்பு வைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார். தௌஹீதா கேட்கவில்லை. சரி, நோன்பு திறந்து வயிறு நிறையச் சாப்பிட்டதும் ஒரு வேளை, விடியலுக்கு முன் சாப்பிட்டதும் ஒரு வேளை என்று மாற்றிக் கொடுத்தார். நோன்பு திறந்த வேளை மருந்து தௌஹீதாவுக்குப் போனது. விடியல் வேளை மருந்து ஒரு தளம் கீழே இறங்கியது.

மாத நடுவில் ரத்தம் கொடுக்கப் போனாள். இரண்டு நாள் கழித்து டாக்டர் ரீஹாமே கூப்பிட்டு வரச் சொன்னார். அன்று நானும் துணைக்குப் போயிருந்தேன்.

"ஹாஜ்ஜா, மருந்து ஒழுங்காச் சாப்பிடறீங்களா?"

"காலி அட்டையைக் கொண்டுவந்து குடுத்தேனே."

"அட்டை காலியாத்தான் இருக்கு. ரத்தமும் காலியா இருக்கே, அதான் கேக்கறேன். போன மாசம் ஏறியிருந்ததுல பாதிகூட இல்ல."

தௌஹீதா தன் செருப்பைப் பார்த்தாள். "நோன்பு திறந்ததும் பலகாரம் ஜாஸ்தியாப் போயிடுது. நெஞ்செரியுது. நுரைப்பொடி குடிச்சேன்."

"குடிக்கவே கூடாதுன்னு சொன்னேனே."

"நாக்கு கேக்கலம்மா."

டாக்டர் பெருமூச்சு விட்டார். திட்டவில்லை. "இனிமே வேண்டாம். பாதி மருந்து மருந்தே இல்லாததைவிட மோசம், ஹாஜ்ஜா. பூஞ்சை சாகாது, இந்த மருந்தை எப்படித் தாங்கறதுன்னு கத்துக்கும். அப்புறம் முழு மருந்து குடுத்தாலும் கேக்காது. பெருநாள் முடிஞ்சதும் திரும்ப ரத்தம் பாக்கறேன். அப்பவும் இப்படியே இருந்தா உங்களை ஆராய்ச்சியில வச்சிருக்க எனக்கு வழி இருக்காது."

தௌஹீதாவும் நானும் டுக்டுக் ஆட்டோவில் திரும்பினோம். பாலம் தாண்டியதும் ஒரு தடவை இருமினாள். முக்காட்டு நுனியில் துடைத்துவிட்டு அதை நான் பார்க்காதபடி மடித்துக்கொண்டாள். நானும் பார்க்காதவள் போல இருந்தேன். நுரைப்பொடி என்று சொன்னதை அன்று நான் நம்பினேன்.

ஒரு பக்கம் தன் மூச்சு. மறுபக்கம் ஜென்மப் பகையாளியின் மூச்சு. எதை எடுப்பாள் ஒருத்தி? தௌஹீதா யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. பெருநாள் வரைக்கும் அந்தத் தாள் மடிப்பு தினம் கீழே போய்க்கொண்டுதான் இருந்தது.

பெருநாள் இரண்டாம் நாள் பகல். தெருவெங்கும் கஹ்க் பிஸ்கட்டின் நெய் வாசம். ஹிந்த் ஓலமிட்டுக்கொண்டு படியேறினாள்.

"பெரியம்மா, உம்மாவுக்கு மூச்சு முட்டுது."

தௌஹீதா செருப்புப் போடவில்லை. பஸ்யூனியின் ஜனாஸா எடுத்த நாளுக்குப் பிறகு அவள் அந்த நடுத்தள வாசலை மிதித்தது அன்றுதான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது கரீமான் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். படுக்க முடியவில்லை அவளால். கால் இரண்டும் பாதம் முதல் முழங்கால் வரை வீங்கி மினுமினுத்தன. உதடு நீலம்.

"இவளை யாரு உள்ள விட்டது?" என்றாள் அந்த நிலையிலும்.

"நீ செத்தப்புறம் கேளு," என்று சொல்லித் தௌஹீதா அவள் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள்.

மார்புநோய் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவு. இப்போது வாசலில் யார் பார்ப்பார்கள் என்று நினைக்கக் கரீமானுக்குத் தெம்பில்லை. மூச்சுக் கவசம் மாட்டினார்கள். ஊசி போட்டார்கள். இளவயது டாக்டர் ஒருவர் கேட்டார்: "ஏதாவது மருந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்களா?"

ஹிந்த் வாயைப் பொத்திக்கொண்டாள். கரீமான் தலையை ஆட்டினாள், இருமல் மாத்திரைதான் என்பது போல. அங்கே எங்கள் தெருப் பெண்கள் நாலைந்து பேர் கூடியிருந்தார்கள். பெருநாள் உடுப்போடு வந்து நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தௌஹீதா ஒரு நிமிடம் பேசாமல் இருந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? அட்டைகள் காலி. ஹிந்த் சொல்ல மாட்டாள். அவளுடைய மருந்து, அவளுடைய ஆராய்ச்சி இடம், மிச்சமிருக்கும் ஆயுசு, எல்லாம் அந்த ஒரு நிமிட மௌனத்தில் பத்திரமாக இருந்தது.

"நான் குடுத்தேன்," என்றாள்.

எல்லாத் தலையும் திரும்பியது.

"இங்க எனக்குக் குடுக்கற பூஞ்சை மருந்து. நோன்பு பூரா தினம் ஒரு வேளை அவளுக்குக் குடுத்தேன். அவளுக்குத் தெரியாது. பொண்ணு கையில குடுத்துவிட்டேன்."

என் பின்னால் யாரோ கிசுகிசுத்தார்கள்: "சக்களத்திக்கு மருந்து வச்சிட்டாளே." இன்னொருத்தி, "இத்தனை வருஷம் காத்திருந்து வச்சிருக்கா பாரு," என்றாள். மாலைக்குள் அது எங்கள் தெரு முழுக்க ஓடிவிடும் என்று எனக்குத் தெரியும். தௌஹீதாவுக்கும் தெரியும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இளம் டாக்டரிடம் மருந்தின் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். கவசத்துக்கு மேலே கரீமானின் கண்கள் அவளையே பார்த்தன. அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தகவல் போய் டாக்டர் ரீஹாம் வந்தார். விடுமுறை நாள்; வீட்டு உடுப்போடு வந்திருந்தார். கரீமானின் நெஞ்சில் பசை தடவி இதயத்தைப் பார்த்தார். திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு வெளியே வந்து தௌஹீதாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"அவங்களுக்குப் பூஞ்சையே இல்ல ஹாஜ்ஜா."

"ரத்தம் வந்துச்சே."

"வந்துச்சு. இதயத்துல ஒரு வால்வு சுருங்கியிருக்கு. சின்ன வயசுல தொண்டை வலியோட காய்ச்சல் வந்திருக்கும், கவனிக்காம விட்டிருப்பாங்க. அது உள்ளயே இருந்து இப்ப வேலையைக் காட்டுது. அந்த வால்வு சுருங்கினா நுரையீரல்ல ரத்தம் தேங்கும், இருமினா வெளிய வரும். பாக்கறதுக்கு உங்க இருமல் மாதிரியே இருக்கும். ஆனா நோய் வேற."

தௌஹீதா திரும்பிக் கரீமான் இருந்த அறைக் கதவைப் பார்த்தாள்.

"நீங்க குடுத்த மருந்து தளர்ந்த இதயத்தை இன்னும் தளர வைக்கும். உங்களைச் சேர்க்கறதுக்கு முன்னாடி இதயத்தைப் படம் எடுத்தோமே, அதுக்காகத்தான். நீங்க உள்ள வந்ததும் சொன்னதால உடனே மருந்தை நிறுத்தி, இதயத்துக்கு வைத்தியம் ஆரம்பிச்சிட்டாங்க. சொல்லாம இருந்திருந்தா இவங்க நுரையீரலைத்தான் தேடிக்கிட்டு இருந்திருப்பாங்க."

"பிழைப்பாளா?"

"பிழைப்பாங்க. மூச்சு கொஞ்சம் சரியானதும் தொடை ரத்தக்குழாய் வழியா ஒரு பலூனை அனுப்பி வால்வை விரிக்கலாம். ரொம்பப் பேருக்குச் செய்யறதுதான்."

அப்போதுதான் தௌஹீதா அழுதாள். முக்காட்டு நுனியை முகத்தில் போட்டுக்கொண்டு, தோள் குலுங்க. இருமலும் அழுகையும் ஒன்றாக வந்தது. டாக்டர் அவள் முதுகில் கை வைத்துக் காத்திருந்தார்.

"என்னை வெளிய அனுப்பிடுவீங்கல்ல?"

"எனக்கு உங்க மேல கோபம் இருக்கு. நிறைய. உங்க இருமல் திரும்பினதும் இதனாலதானே? என்கிட்ட வந்து, இப்படி ஒருத்தி இருமறா, ஆஸ்பத்திரிக்கு வரப் பயப்படறான்னு சொல்லியிருந்தா நானே வீட்டுக்கு வந்து பாத்திருப்பேன். ஒருத்தர் பேருக்குக் குடுத்த மருந்தை இன்னொருத்தர் சாப்பிட்டா அதை நான் மேல சொல்லியே ஆகணும். முடிவு என் கையில இல்ல."

ஆராய்ச்சியை மேற்பார்க்கும் குழு கூடி முடிவு சொல்வதற்குள் பல நாட்கள் ஓடின. அந்த நாட்களில் தௌஹீதா தெருவில் இறங்கினால் பேச்சு நின்றுவிடும். ரொட்டிக்கடையில் அவளுக்குப் பக்கத்தில் யாரும் நிற்கவில்லை. ஒருத்தி, அவள் கொடுத்த பெருநாள் பிஸ்கட்டை வாங்கி அவள் கண்ணெதிரிலேயே பூனைக்குப் போட்டாள். தௌஹீதா அந்தப் பூனையைத் தடவிக் கொடுத்துவிட்டு நடந்தாள். முழு மருந்தும் அவளே சாப்பிட்டாள் இப்போது. ஆனால் அலமாரியில் இருந்தது குறைந்துகொண்டே வந்தது.

கரீமான் பலூன் வைத்தியம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று தெருவே பால்கனியில் நின்றது. டுக்டுக்கிலிருந்து இறங்கியவள் இடுப்பில் கை வைத்து நின்றாள். மூச்சு நன்றாக வந்தது அவளுக்கு. அவள் என்ன சொல்வாள் என்று கேட்க எல்லோரும் காத்திருந்தார்கள் போலும்.

"ஏண்டி, பூனைக்குப் பிஸ்கட் போட்டவ யாரு?" என்றாள்.

பால்கனியில் நின்ற ஒருத்தி மெதுவாக உள்ளே நகர்ந்தாள்.

"விஷம் வச்சாளாம். அவளுக்கு விஷம் வைக்கத் தெரிஞ்சிருந்தா அந்த மனுஷன் என்னைக் கூட்டிக்கிட்டு வந்த அன்னிக்கே வச்சிருப்பா. தன் மருந்தை எனக்குப் போட்டுட்டுத் தான் ரத்தம் கக்கியிருக்கா அந்தப் பைத்தியம். எங்க வீட்டுச் சண்டை எங்களுக்குள்ள. நடுவுல வர்றவ வாயில மிளகாய்ப் பொடி."

மாப்பிள்ளை வீட்டார் விஷயம் என்ன ஆனது என்கிறீர்களா? எல்லாமே தெரிந்துவிட்டது. கரீமானுக்குக் காசநோய் இல்லை, இதயம்தான் என்று டாக்டர் ரீஹாமே மாப்பிள்ளையின் தாயாருக்கு விளக்கினார். அந்த அம்மாள், "என் மாமியாருக்கு அவங்க சக்களத்தி ஒரு எலுமிச்சம்பழம்கூடக் குடுத்ததில்ல," என்றாளாம். மோதிரம் மாற்றினார்கள்.

குழுவின் முடிவு வந்தது. தௌஹீதா மருந்தைத் தொடரலாம். ஒரு நிபந்தனை: ஒவ்வொரு வேளையும் அவள் விழுங்குவதை வீட்டில் ஒருவர் கண்ணால் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். ஹிந்துக்கு ஆலையில் மாறி மாறி ஷிப்டு. அவளால் இரண்டு வேளையும் இருக்க முடியாது.

"வீட்ல வேற யாரு இருக்காங்க?" என்று டாக்டர் கேட்டார்.

தௌஹீதா உதட்டைக் கடித்தாள். ஹிந்த் சொல்லிவிட்டாள்.

கரீமான் படியேறக் கூடாது என்று இதய டாக்டர் சொல்லியிருந்தார். ஆகவே தௌஹீதாதான் கீழே இறங்க வேண்டும். மருந்துக்கு முன்னால் வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். அதனால் சாப்பாடும் அங்கேயே என்றானது. முதல் நாள் மேஜையின் இரண்டு முனையில் இரண்டு பேரும் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு பீன்ஸ் மசியல் சாப்பிட்டார்கள் என்று ஹிந்த் சொன்னாள். பிறகு கரீமான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டாளாம்.

"முழுங்கு."

முழுங்கினாள்.

"வாயைத் திற. நாக்கைத் தூக்கு. கன்னத்துக்குள்ள ஒளிச்சு வச்சிருப்பே நீ, எனக்குத் தெரியும்."

"ஒளிச்சு வச்சு யாருக்குக் குடுக்கப் போறேன்? உனக்குத்தான் ஒத்துக்கலையே."

"வேற எவளாவது இருமுவா தெருவுல. திற."

முகத்திலே முழிக்க மாட்டேன் என்றிருந்தவள், தினம் இரண்டு வேளை அவள் தொண்டை வரை எட்டிப் பார்த்தாள். கோடை வந்தது, பருத்தி பறிக்கும் காலம் வந்தது. தௌஹீதாவின் ரத்தத்தில் மருந்து ஏறியது. பூஞ்சை இந்த மருந்துக்குப் பழகிவிடவில்லை என்று சளிப் பரிசோதனையில் தெரிந்தபோது டாக்டர் ரீஹாம் அவளை விட நிம்மதியாக மூச்சு விட்டார். இருமல் மறுபடியும் அடங்கியது. பொந்துக்குள் உருண்டை முழுக்கப் போய்விடவில்லை. சிறுத்துப்போய் ஒரு மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது அப்படியே கிடக்கலாம், ஆண்டுக்கு ஒரு தடவை வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். பாதி மருந்தில் போன நாட்களுக்கு ஈடாக மேலும் சில வாரம் நீட்டித்துக் கொடுத்து, ஒருநாள் "போதும் ஹாஜ்ஜா" என்று நிறுத்தினார்.

அன்று மதியம் நானும் அங்கே இருந்தேன். கரீமான் குடைந்த கத்தரிக்காயிலும் திராட்சை இலையிலும் சோறு பொதிந்து ஒரு பானை மஹ்ஷி செய்திருந்தாள். சாப்பாடு முடிகிற சமயம். கரீமான் வழக்கம் போல நாற்காலியைப் பக்கத்தில் இழுத்தாள்.

"வாயைத் திற."

"மாத்திரை முடிஞ்சு போச்சு. ஹிந்த் சொல்லலையா?"

"சொன்னா."

"அப்புறம் என்ன?"

"திறன்னா திற."

தௌஹீதா திறந்தாள். கரீமான் பானையிலிருந்து ஒரு இலைச் சுருளை எடுத்து, சூடு பார்த்து ஊதி, அந்த வாயில் வைத்தாள்.

"முழுங்கிட்டியா? காட்டு."

தௌஹீதா மென்றுகொண்டே இருந்தாள். வெகுநேரம் மென்றாள்.